சேலத்திலிருந்து எந்தச் சட்டக் கல்லூரி? ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்

சேலம் மாவட்டத்துப் பிள்ளைக்கு இன்று பஸ்ஸில் போய் வரும் தூரத்திலேயே மூன்று அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. தர்மபுரியில் 2017இல் தொடங்கினார்கள். சேலத்திலும் நாமக்கல்லிலும் 2019இல். அதற்கு முன்பெல்லாம் அரசுக் கட்டணத்தில் வக்கீலுக்குப் படிக்க வேண்டுமானால் கோவை, திருச்சி, வேலூர், சென்னை என்று பெட்டி கட்ட வேண்டும். உள்ளூரில் இருந்தது 1980களிலிருந்து நடக்கும் சென்ட்ரல் லா காலேஜ் என்ற தனியார் கல்லூரிதான். இப்போது வாய்ப்பு கூடிவிட்டது, குழப்பமும் கூடிவிட்டது. கூடவே நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் விளம்பரம், கிளாட் (தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வு) கோச்சிங், பெங்களூரு கல்லூரிகளின் ஏஜென்ட் போன்கால் வேறு.

தரவரிசைப் பட்டியலை முதலில் திறக்காதீர்கள். படித்து முடித்து எந்த ஊர் கோர்ட்டில் நிற்கப் போகிறோம், அல்லது கோர்ட்டுக்கே போகாமல் கம்பெனி வேலைக்குப் போகப் போகிறோமா என்பதை முடிவு செய்தால் பாதிக் கல்லூரிகள் தாமாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிடும். சேலம் கோர்ட் இருக்கும் அஸ்தம்பட்டியில் பிராக்டீஸ் செய்யப் போகிறவருக்கும் மும்பையில் கார்ப்பரேட் நிறுவனத்தில் ஒப்பந்தம் எழுதப் போகிறவருக்கும் ஒரே கல்லூரி நல்லதாக இருக்க முடியாது.

சேலம், நாமக்கல், தர்மபுரி அரசுக் கல்லூரிகளை ஒன்றாகவே மதிப்பிடலாம். மூன்றும் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. ஒரே பாடத்திட்டம், ஒரே வினாத்தாள், ஒரே பட்டம். பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசைப் பட்டியல், அதன்மேல் கவுன்சலிங். நுழைவுத் தேர்வு கிடையாது. ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி.க்கு விண்ணப்பிக்கக் குறைந்தபட்சம் 45 சதவீதம், பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 40 சதவீதம். அது விண்ணப்பிக்கத்தான், இடம் கிடைக்கும் கட் ஆஃப் அதைவிட மிக உயரத்தில் நிற்கும். 69 சதவீத இடஒதுக்கீடு முழுமையாக நடைமுறையில் உண்டு: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1.

இவற்றின் பெரிய பலம் செலவு. கல்விக் கட்டணம் எவ்வளவு குறைவென்றால், விடுதியும் புத்தகமும் பஸ்ஸும்தான் உண்மையான செலவாக இருக்கும். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீத ஒதுக்கீடு சட்டப் படிப்புக்கும் உண்டு. அதில் இடம் பிடித்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கும். பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் மட்டும்தான் இந்த ஒதுக்கீடு என்று நினைத்துச் சட்டத்துக்கு விண்ணப்பிக்காமலே விடுகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. வேண்டியது, படித்த பள்ளிகளின் தலைமையாசிரியர்களிடம் வாங்கும் படிப்புச் சான்று. நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் வாங்க வேண்டும். விடுமுறைக்குப் பள்ளி மூடுவதற்கு முன்பே போய்விடுங்கள்.

பலவீனம்? புதுக் கல்லூரி என்பதால் பழைய மாணவர் வட்டம் இல்லை. கோவையிலோ திருச்சியிலோ படித்தவர், “நானும் அங்கேதான் சார்” என்று சொல்லி ஒரு சீனியர் ஆபீஸில் கால் வைக்க முடியும். 2019இல் தொடங்கிய கல்லூரியில் முதல் ஐந்தாண்டு பேட்ச் வெளியே வந்ததே 2024இல்தான். அவர்களே இன்னும் ஜூனியர்கள். ஆனால் உள்ளூர்ப் பிள்ளைக்கு இந்தக் குறை பாதி குறைதான். முதலாமாண்டு விடுமுறையிலேயே அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் ஒரு சீனியரிடம் போய் உட்கார்ந்துவிட்டால், ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் குமாஸ்தாவிலிருந்து அமீனாவரை எல்லோருக்கும் முகம் தெரிந்துவிடும். வெளியூரில் படித்துத் திரும்பி வருகிறவருக்கு இது கிடைக்காது.

கல்லூரிப் பெயரில் ஊர் இருக்கிறதே என்று வளாகம் ஊருக்குள் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். சென்னை அரசு சட்டக் கல்லூரிக்கு என்ன நடந்தது? 1891இல் தொடங்கிய கல்லூரி, ஹைகோர்ட் வளாகத்தை ஒட்டி இருந்தது, 2018இல் புதுப்பாக்கம், பட்டரைப்பெரும்புதூர் என்று இரண்டாகப் பிரிந்து நகருக்கு வெளியே போய்விட்டது. மத்தியானம் கோர்ட்டை எட்டிப் பார்க்கலாம் என்று கனவு கண்டு சென்னையைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். சேலம் உட்பட எந்தக் கல்லூரியானாலும் சேருவதற்கு முன் ஒரு வேலைநாளில் பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள். தர்மபுரி எல்லையை ஒட்டிய ஊர்க்காரருக்குத் தர்மபுரி, ராசிபுரம் பக்கத்தவருக்கு நாமக்கல் என்று, ‘சேலம்’ என்ற பெயரைவிடப் பக்கத்து மாவட்டம் வசதியாக அமைந்துவிடலாம்.

சென்ட்ரல் லா காலேஜும் அதே பல்கலைக்கழகத்தின் இணைப்புதான். பட்டத்தில் வித்தியாசம் கிடையாது. கட்டணம் அரசுக் கல்லூரியைவிடக் கூடுதல். அதற்கு ஈடாகக் கிடைப்பது சேலம் வக்கீல்கள் மத்தியில் பரவியிருக்கும் பழைய மாணவர் கூட்டம். அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காமல், வெளியூர் போகவும் முடியாதவர்களுக்கு நியாயமான இரண்டாவது தேர்வு. அரசு இடம் கையில் இருக்கும்போது இதற்கு மாற வேண்டிய காரணம் எதுவும் தெரியவில்லை.

அடுத்து சென்னை பெருங்குடியில் உள்ள சீர்மிகு சட்டப் பள்ளி. இது அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் தானே நடத்துவது. இங்கே கிடைப்பது ஆனர்ஸ் பட்டம். பி.ஏ. தவிர பி.காம்., பி.பி.ஏ., பி.சி.ஏ. ஆகியவற்றோடும் எல்.எல்.பி. சேர்த்துப் படிக்கலாம். தகுதி மதிப்பெண்ணே 70 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி.க்கு 60. இணைப்புக் கல்லூரிகளுக்கான விண்ணப்பமும் இதற்கான விண்ணப்பமும் வேறு வேறு. ஒன்றைப் போட்டால் மற்றதும் சேர்ந்துவிடும் என்று இருந்துவிட்டுக் கடைசி நாளில் தவிப்பது வருடா வருடம் நடக்கிறது. ஆனர்ஸ் என்றால் பார் கவுன்சில் (வக்கீல் தொழிலையும் சட்டப் படிப்பையும் ஒழுங்குபடுத்தும் அமைப்பு) விதிப்படி எட்டுத் தாள் கூடுதல். வாரத்துக்கு 36 வகுப்பு மணி நேரம், சாதாரணப் படிப்புக்கு 30. வகுப்பில் ஆங்கிலம்தான் ஓடும். மூட் கோர்ட் (மாணவர்கள் வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றம்) போட்டிக்கு வெளிமாநிலம் போய்வரும் பழக்கம் இங்கே உண்டு, சென்னை ஹைகோர்ட் சீனியர்களிடம் இன்டர்ன்ஷிப்புக்கும் இது வசதி. ஹைகோர்ட் பிராக்டீஸ்தான் இலக்கு என்றால், தமிழ்நாட்டில் பணத்துக்கேற்ற மதிப்பு இதற்கே அதிகம் என்று தயங்காமல் சொல்லலாம். சேலத்துக்கே திரும்பப் போகிறவருக்கு அந்த ஆனர்ஸ், விசிட்டிங் கார்டில் ஒரு வார்த்தை.

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் வேறு உலகம். சேலத்துக்குக் கிட்டத்தில் இரண்டு: திருச்சி நாவலூர்க்குட்டப்பட்டில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம், சுமார் 200 கிலோமீட்டரில் பெங்களூருவின் நேஷனல் லா ஸ்கூல். இரண்டுக்கும் வழி கிளாட். டெல்லியில் உள்ளதற்கு மட்டும் ஐலெட் என்று தனித் தேர்வு. கிளாட் ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கும். 120 கேள்வி, 120 நிமிடம், தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் பிடிப்பு. சுமார் 450 வார்த்தையில் ஒரு பத்தி தருவார்கள், அதை ஒட்டிக் கேள்விகள். சட்டம் முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை. பத்தியில் தரும் விதியைப் புதிய சூழலுக்குப் பொருத்தத் தெரிய வேண்டும். கணக்கு பத்துப் பன்னிரண்டு கேள்விதான். ஆகவே இது மனப்பாடத் தேர்வு அல்ல, வேகமாக வாசிக்கும் தேர்வு. நம் மாநிலப் பாடத்திட்டத்துப் பிள்ளைகள் தடுக்கி விழுவது சட்ட அறிவில் இல்லை, இந்த வேகத்தில்தான். பதினோராம் வகுப்பிலிருந்து தினமும் ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை நேரம் வைத்துப் படித்து, அதன் வாதம் என்ன, எந்த எடுகோளில் நிற்கிறது என்று நான்கு வரி எழுதிப் பழகினால் கோச்சிங்கின் பாதி வேலை வீட்டிலேயே முடிந்துவிடும்.

இன்னொரு சிக்கல் காலண்டர். கிளாட் டிசம்பரில் நடக்கிறது. விண்ணப்பம் அதற்குச் சில வாரம் முன்பே முடிந்துவிடும். பிளஸ் டூ ரிசல்ட் வந்தபிறகு “கிளாட் எழுதலாமா?” என்று கேட்டால் ஒரு வருடம் போயிற்று. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழக விண்ணப்பம் ரிசல்ட்டை ஒட்டி வருவதால், அதே நினைப்பில் இதையும் தவறவிடுகிறார்கள்.

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் ஒரே தரம் என்பதும் மயக்கம்தான். பெங்களூரு, ஹைதராபாத், கொல்கத்தா போன்ற பழையவற்றுக்குப் பெரிய சட்ட நிறுவனங்கள் கேம்பஸுக்கே வந்து ஆள் எடுக்கும். பட்டியலின் கடைசியில் உள்ள புதியவற்றுக்கு அந்த வரிசை வராது, கட்டணம் மட்டும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு வரும். ரேங்க் குறைவாக வந்து தொலைதூரத்தில் புதிய பல்கலைக்கழகம்தான் கிடைக்கும் என்றால், அந்த லட்சங்களைச் செலவழிப்பதற்குச் சீர்மிகு சட்டப் பள்ளியே மேல். திருச்சி கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்: ஊருக்குப் பக்கம், தமிழ்நாட்டு மாணவர்களுக்கு ஒதுக்கீடும் உண்டு.

நிகர்நிலை, தனியார் பல்கலைக்கழகங்களைப் பற்றிப் பேசினால் பணத்தைத்தான் பேச வேண்டும். தஞ்சை சாஸ்த்ரா, சென்னை வி.ஐ.டி. உள்ளிட்ட பல இடங்களில் சட்டம் நடக்கிறது. வகுப்பறை, நூலகம், ஆன்லைன் தரவுத்தளம் எல்லாம் பல அரசுக் கல்லூரிகளைவிட நன்றாகவே இருக்கும். கேள்வி, அதை எப்படித் திருப்பி எடுப்பது என்பது. கட்டணம், விடுதி, மற்றவை சேர்ந்து ஆண்டுக்கு மூன்று லட்சம் என்று வையுங்கள். ஐந்தாண்டுக்குப் பதினைந்து லட்சம். முழுவதையும் 10 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கிப் பத்தாண்டில் கட்டினால் மாதத் தவணை சுமார் 19,800 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி. இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். ஜூனியர் வக்கீலுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற மாவட்டங்களில் 15,000 குறைந்தபட்சம் தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை ஹைகோர்ட் சொன்னது. சேலம் அந்த ‘மற்ற மாவட்டங்களில்’ வருகிறது. அந்தப் பதினைந்தாயிரமும் எல்லா ஆபீஸிலும் முதல் மாதத்திலிருந்தே கையில் வரும் என்று எண்ணிக் கணக்குப் போட முடியாது. தவணைக்கே வருமானம் பத்தாது என்றால் அந்தப் பிள்ளை இரண்டாம் வருடம் கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டு வேறு வேலைக்குப் போகும். வீட்டில் பணம் இருப்பவர்கள், குடும்பத்திலேயே வக்கீல் ஆபீஸ் உள்ளவர்கள் தாராளமாகச் சேரலாம். கடன் வாங்கிச் சேர்ந்து மாவட்டக் கோர்ட்டில் பிராக்டீஸ் செய்ய நினைப்பவர்கள் வேண்டாம்.

இனி, தொடவே கூடாத சரக்கு. “கிளாஸுக்கு வரவே வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்” என்று பக்கத்து மாநிலக் கல்லூரிக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட்கள். வக்கீல்கள் பேச்சில் இவற்றுக்கு லெட்டர்பேட் காலேஜ் என்று பெயர். அரசு வேலையிலோ சொந்தத் தொழிலிலோ இருந்துகொண்டே, டிகிரி முடித்தவர்களுக்கான மூன்றாண்டு எல்.எல்.பி.யை முடிக்க நினைப்பவர்கள்தான் பெரும்பாலும் மாட்டுகிறார்கள். பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் தெளிவாக உள்ளன: ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் 65 வரை சலுகை தரலாம், அதற்குக் கீழே இல்லை. தபால் வழி எல்.எல்.பி. கிடையாது. ஒரே நேரத்தில் இன்னொரு ரெகுலர் படிப்பும் கூடாது. வக்கீலாகப் பதிவு செய்யும் என்ரோல்மென்டின்போது வேலை பார்த்த காலமும் படித்த காலமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் கேள்வி வரும். விடுப்பு எடுத்ததற்குச் சான்று இல்லையென்றால் மூன்று வருடப் பணமும் வீண். பள்ளிப் படிப்பை முடிக்காமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர்களையும் இந்த விதிகள் ஏற்பதில்லை. பத்து, பிளஸ் டூ, டிகிரி என்ற வரிசை சரியாக இருக்கிறதா என்பதைச் சேருவதற்கு முன் பாருங்கள், சேர்ந்தபின் அல்ல.

ஐந்தாண்டா, மூன்றாண்டா என்பதற்கு ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்தால் போதும். ஐந்தாண்டுப் படிப்பில் நடுவே இறங்க முடியாது. மூன்றாம் ஆண்டில் சலித்துப்போய் விலகினால் பி.ஏ. பட்டம்கூடக் கையில் வராது. சட்டம்தான் என்று உறுதியாக இருப்பவருக்கு ஐந்தாண்டு ஒரு வருடத்தை மிச்சப்படுத்தும். பதினேழு வயதில் தெளிவு இல்லாத பிள்ளையை வற்புறுத்தி ஐந்தாண்டில் தள்ளுவதைவிட, ஒரு டிகிரி முடித்துவிட்டு மூன்றாண்டுக்கு வருவது நல்லது. கணக்கியல் தெரிந்த பி.காம். பட்டதாரி வரி வழக்குகளிலும், பொறியியல் படித்தவர் கட்டட ஒப்பந்தத் தகராறுகளிலும் பின்னால் நன்றாக நிற்கிறார்கள்.

கல்லூரியை நேரில் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். நேராக நூலகத்துக்குப் போங்கள். எம்.எல்.ஜே., சி.டி.சி., லா வீக்லி போன்ற தீர்ப்பிதழ்கள் ரேக்கில் இருக்கின்றனவா, கடைசியாக வந்த இதழின் தேதி என்ன? ஆறு மாதம் பழையது என்றால் சந்தா நின்றுவிட்டது என்று அர்த்தம். ஐ.பி.சி., சி.ஆர்.பி.சி., சாட்சியச் சட்டம் ஆகியவற்றுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாக்ஷிய அதினியம் மூன்றும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றின் பேர் ஆக்ட் (உரை இல்லாமல் சட்ட வாசகம் மட்டும் உள்ள புத்தகம்), உரைநூல் எத்தனை பிரதி இருக்கிறது என்று கேளுங்கள். அதற்காகப் பழைய ஐ.பி.சி., சி.ஆர்.பி.சி. புத்தகங்களைத் தூக்கிப் போட்ட நூலகமும் சரியில்லை. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்கு ஐ.பி.சி.தான், அந்த வழக்குகள் இன்னும் பல வருடம் ஓடும்.

பிறகு கால அட்டவணை. ஒரு செக்‌ஷனில் 60 பேருக்கு மேல் கூடாது. நிரந்தரப் பேராசிரியர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர் என்று அலுவலகத்தில் கேட்டால் மழுப்புவார்கள். நான்காம் ஆண்டு மாணவரைக் கேளுங்கள், விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார். அவரிடமே மூட் கோர்ட் பற்றியும் கேளுங்கள். விதிப்படி ஒவ்வொரு மாணவரும் மூன்று மூட் செய்ய வேண்டும், ஒரு சிவில், ஒரு கிரிமினல் என இரண்டு விசாரணைகளை நேரில் பார்த்துப் பதிவேடு எழுத வேண்டும். மூன்றாண்டுப் படிப்பில் குறைந்தது 12 வாரம், ஐந்தாண்டில் 20 வாரம் இன்டர்ன்ஷிப்பும் உண்டு. சீனியர் பேட்ச் நோட்டை வாங்கி அப்படியே காப்பியடிப்பதுதான் அந்தக் கல்லூரியின் வழக்கம் என்றால், பிளீடிங் (கோர்ட்டில் தாக்கல் செய்யும் வாதுரை) எழுதத் தெரியாமலேயே பட்டம் வந்துவிடும். முதல் வாதுரையை அடிப்பதற்கு உட்காரும்போது அது தெரியவரும்.

மொழி விஷயத்தில் ஒன்று. கீழமை நீதிமன்றத்தில் சாட்சியம் தமிழில் பதிவாகும், பத்திரங்களும் தமிழில்தான் வரும். அதே வழக்கு அப்பீலுக்கு ஹைகோர்ட் போனால் எல்லாம் ஆங்கிலம். ஆகவே தமிழில் படித்தால் வக்கீலாக முடியாது என்பதும் பொய், ஆங்கிலம் இல்லாமல் சமாளித்துவிடலாம் என்பதும் பொய். முதல் இரண்டு வருடத்தில் ஆங்கிலத் தீர்ப்பு ஒன்றைப் படித்துத் தமிழில் சுருக்கி எழுத யாராவது கற்றுக்கொடுக்கிறார்களா என்று விசாரியுங்கள். அப்படி ஓர் ஆசிரியர் இருக்கும் கல்லூரிக்கு நூறு மதிப்பெண் போடலாம்.

பட்டம் வாங்கியதும் வரும் செலவில் ஒரு நல்ல செய்தி. என்ரோல்மென்டுக்குச் சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல், எஸ்.சி., எஸ்.டி.க்கு 125க்கு மேல், மாநில பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு அகில இந்திய பார் தேர்வு: 100 கேள்வி, குறிப்பு எழுதாத பேர் ஆக்ட் கொண்டு போகலாம், 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 40 எடுத்தால் தேர்ச்சி, தமிழிலும் எழுதலாம். சிவில் ஜட்ஜ் கனவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, உச்ச நீதிமன்றத்தின் 2025 மே 20 தீர்ப்பு. படித்தவுடன் தேர்வு எழுதும் காலம் முடிந்தது, இனி மூன்றாண்டு பிராக்டீஸ் வேண்டும். அந்த மூன்றாண்டு தற்காலிக என்ரோல்மென்ட் தேதியிலிருந்தே கணக்கு. பட்டம் வாங்கிவிட்டு என்ரோல்மென்டைத் தள்ளிப்போட்டால் நஷ்டம் உங்களுக்கே. ஜட்ஜ் ஆகும் நோக்கத்தோடு லட்சக்கணக்கில் செலவழித்து வெளியூரில் படிக்க இருந்தவர்களின் கணக்கை இந்தத் தீர்ப்பு மாற்றிவிட்டது: சம்பளமில்லாத, அல்லது அரைச் சம்பள மூன்று வருடத்தை இப்போதே பட்ஜெட்டில் சேர்த்தாக வேண்டும்.

சான்றிதழ்களில் சறுக்குகிறவர்களில் ஏற்காட்டுப் பிள்ளைகள் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். மற்ற வகுப்பினருக்குச் சாதிச் சான்று தாசில்தார் மட்டத்திலோ அதற்குக் கீழேயோ முடிந்துவிடும். இந்த மலைகளில் வாழும் மலையாளி பழங்குடிச் சமூகத்தவர் (கேரளத்தவர் அல்ல) உட்பட எஸ்.டி. சான்று கோட்டாட்சியர் கையெழுத்தோடுதான் வரும். விசாரணை, பெற்றோரின் பழைய ஆவணம் என்று நாள் இழுக்கும். ரிசல்ட் வந்தபிறகு மலையிறங்கி அலைவதில் அர்த்தமில்லை, பிளஸ் ஒன் படிக்கும்போதே விண்ணப்பித்துவிட வேண்டும். எஸ்.டி.க்கு ஒரு சதவீதம்தான் என்றாலும், அந்த இடத்துக்குச் சான்றோடு வரும் போட்டியாளர்களும் குறைவு. முதல் பட்டதாரி சான்று இ-சேவை மையத்தில் போடலாம்; வீட்டில் அண்ணனோ அக்காவோ டிகிரி முடித்திருந்தால் கிடைக்காது. கிளாட் வழியாக வெளிமாநிலம் போகும் பி.சி., எம்.பி.சி. பிள்ளைகளுக்கு மாநில அரசின் சாதி அட்டை போதாது. மத்திய அரசு வடிவில் வருமான வரம்பைச் சொல்லும் ஓ.பி.சி. சான்று தனியாக வேண்டும், அதற்கு வருமானக் கணக்கு ஆண்டு முக்கியம். பழைய ஆண்டுச் சான்றோடு கவுன்சலிங் போனால் பொதுப்பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள்.

எந்தக் கல்லூரியானாலும் அசல் மதிப்பெண் பட்டியலையும் டி.சி.யையும் ஒப்படைக்கும் முன் பத்துப் பிரதி எடுத்து, இரண்டை நோட்டரியிடம் சான்றொப்பம் வாங்கி வையுங்கள். இரண்டாம் கட்ட கவுன்சலிங்கில் மேல் இடம் கிடைத்தால் அசலைத் திரும்பப் பெற எத்தனை நாள், எவ்வளவு பிடித்தம் என்பதைக் கட்டணம் கட்டும் கவுன்டரிலேயே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.